ஏழு பேர் எடை

கரண்ட் போன நிமிஷத்தில் அவர் ஒரு லிஃப்டின் கூரைமேல் நின்று, அது ஓடுகிற தண்டவாளத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஜவுளிக் கிடங்கு ஒன்றில், ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில். லிஃப்ட் மெக்கானிக் என்றால் உள்ளே நின்று பொத்தானை அமுக்குகிற ஆள் என்றுதான் ஊரில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருஷ வேலையில் அவர் லிஃப்டுக்குள் நின்ற நேரத்தைவிட அதன் தலைமேல் நின்ற நேரம்தான் அதிகம். விளக்கு அணைந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, ஏழாம் மாடிக் கதவை உள்பக்கத்திலிருந்து நெம்பித் திறந்து, முட்டி தேய ஏறி வெளியே வந்தார். "ஃபியூஸ் போயிருக்கும்" என்றார் கிடங்குக் கணக்கர். இவரும் அப்படித்தான் நினைத்தார்.

மத்தியானத்துக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. தெருவில் சிக்னல் இல்லை, பெட்ரோல் பங்கில் பம்பு இல்லை, போனில் டவர் இல்லை. பேட்டரி ரேடியோ வைத்திருந்த ஒரு பழக்கடைக்காரரைச் சுற்றி ஐம்பது பேர் நின்றார்கள். நாடு முழுக்க மின்சாரக் கட்டமைப்பு ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துவிட்டதாம். பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள் எரிந்துவிட்டனவாம். எப்போது வரும் என்று ரேடியோ சொல்லவில்லை. கம்பெனி ஆள் ஒருவர் பைக்கில் தேடிக்கொண்டு வந்து ஒரு தாளை நீட்டினார். லிஃப்டில் ஆள் மாட்டியிருக்கும் கட்டடங்களின் விலாசங்கள் அதில் இருந்தன. அந்தத் தாளோடு கிளம்பியவர் மூன்று நாள் வீட்டுக்குப் போகவில்லை.

கரண்ட் இல்லாமல் லிஃப்டை எப்படி நகர்த்துவது என்று கேட்கலாம். கிணற்றில் ஒரே கயிற்றின் இரண்டு முனையிலும் குடத்தைக் கட்டினால் ஒன்று ஏற ஒன்று இறங்கும் இல்லையா, லிஃப்டும் அப்படித்தான். ஒரு பக்கம் ஆட்கள் நிற்கும் கேபின், மறுபக்கம் இரும்புப் பாளங்கள் அடுக்கிய எதிர் எடை. காலிக் கேபினைவிட எதிர் எடை கனம் அதிகம். கரண்ட் போனதும் பிரேக் இறுகிக் கவ்விக்கொள்ளும். மொட்டைமாடியிலுள்ள மிஷின் ரூமுக்குப் போய், லீவரால் அந்தப் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால், உள்ளே ஒன்றிரண்டு பேர் என்றால் கேபின் தானாக மேலே போகும், நெருக்கியடித்து நின்றால் கீழே போகும். பக்கத்து மாடி வந்ததும் நிறுத்தி, கதவைத் திறந்துவிட வேண்டியதுதான்.

ஆனால் அந்த லீவரைப் பிடிக்க ஒவ்வொரு கட்டடத்திலும் உச்சிவரை படியேற வேண்டும். முதல் நாள் எண்ணிக்கொண்டு ஏறினார். இரண்டாம் நாள் எண்ணுவதை விட்டார். ஓர் அலுவலகக் கட்டடத்தில் பல் டாக்டர் ஒருவரும், வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஆள் ஒருவரும் ஒன்றரை நாள் ஒன்றாக மாட்டியிருந்தார்கள். கதவு திறந்ததும் டாக்டர் சொன்ன முதல் வார்த்தை, "நாலு பேர் சாப்பாட்டை நாங்க ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டோம், யார்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னு தெரியல." சாப்பாட்டுக்காரர் வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "தெரிஞ்சவங்க ஆயிட்டோம்" என்றார். வேறொரு இடத்தில் கதவைத் திறந்தபோது உள்ளிருந்தவரால் பேச முடியவில்லை. அதைப் பற்றி அவர் வீட்டில் சொல்லவே இல்லை.

மூன்றாம் நாள் மாலை நடந்தே வீடு வந்து சேர்ந்தார். வீடு பதினோராம் மாடி. அதற்குமேல் மொட்டைமாடிதான். மேல்மாடி வெயிலில் தகிக்கும் என்று யாரும் குடிவராமல் கிடந்த வீட்டை, குடியிருப்போர் சங்கத் தலைவர் இவருக்குக் குறைந்த வாடகைக்குப் பேசிக் கொடுத்திருந்தார். லிஃப்ட்காரன் உச்சியில் குடியிருந்தால் லிஃப்ட் நிற்கவே நிற்காது என்பது தலைவரின் கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது, அதுவரைக்கும்.

வீட்டில் நாலு பேர். பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்த மனைவி, கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள், அவர், பிறகு மாமனார். மாமனார் ஒரு காலத்தில் டவுன் பஸ் கண்டக்டர். கூட்ட நேரத்தில் நூறு பேருக்கு நடுவே நீந்திப்போய் டிக்கெட் கிழித்தவர். "கயித்துல தொங்குறவனுக்கு என் பொண்ணத் தரமாட்டேன்" என்று கல்யாணத்துக்கே வராதவர். பதினெட்டு வருஷம் அவர்கள் வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோய், பார்த்துக்கொள்ள வேறு நாதி இல்லாமல், அதே மாப்பிள்ளை ஓட்டுகிற லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நாற்காலியில் உட்காரவைத்து மேலே கொண்டுவரப்பட்டார். இரண்டு வருஷமாகப் படுக்கைதான். மாமனும் மருமகனும் பகையெல்லாம் விட்டிருந்தார்கள். ஆனால் பழக்கமும் ஆகவில்லை. "சாப்டீங்களா மாமா", "ஆச்சு மாப்பிள்ளை." அதோடு சரி.

கதவைத் திறந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். "தண்ணி குடுக்கவா?" என்று கேட்டுவிட்டு அரை டம்ளர் கொண்டுவந்தாள். அரை டம்ளர்தான். அதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்தது. மொட்டைமாடித் தொட்டி காலி.

தெரு முனையில் குழந்தைகள் விளையாடும் மைதானத்தில் ஒரு பழைய அடிபம்பு இருந்தது. அவ்வளவு நாளும் அதில் சைக்கிளைச் சாய்த்து வைப்பார்கள். இப்போது எட்டுத் தெருவுக்கும் அதுதான் கதி. மகள் விடியும் முன்பே வரிசையில் போய் நிற்பாள். முறை வந்ததும் அவரும் மனைவியும் இறங்கிப் போய் அடித்து நிரப்பிக்கொண்டு ஏறுவார்கள். இருநூற்று இருபது படி. கையில் கேன் தூக்கினால் மூன்றாம் மாடியிலேயே விரல் மரத்துப்போயிற்று. மனைவி பழைய பந்தல் துணியைக் கிழித்து, தன் கால்மிதி மிஷினில் இரட்டைத் தையல் போட்டு, கேனை முதுகில் மாட்டிக்கொள்ளும்படி பட்டை தைத்தாள். அதைப் பார்த்துவிட்டு மற்ற வீட்டுக்காரர்களும் துணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு வாரத்தில் அந்தக் கட்டடத்தில் எல்லாரும் ஆமைபோல முதுகில் சுமந்துகொண்டு ஏறினார்கள்.

படிக்கட்டுக்கென்று சில மரியாதைகள் வந்துவிட்டன. ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் பேச்சுக் கொடுக்கக் கூடாது, பதில் சொல்ல மூச்சு இருக்காது. அரிசியும் பருப்பும் பத்து நாளுக்கொருமுறை அரசாங்க லாரியில் வந்தன. விறகுக்கு மகள் மரக்கடைத் தூளையும் உடைந்த பெட்டிகளையும் கொண்டுவந்தாள். நாலாவது வாரம் ஆனபோது அவருடைய வலது முட்டி ஏறும்போது ஒருவிதமாகவும் இறங்கும்போது வேறுவிதமாகவும் வலிக்கத் தொடங்கியிருந்தது. "எந்த வலி பரவால்ல?" என்று மனைவி கேட்டாள். "மாறி மாறி வர்றதுதான் நல்லாருக்கு" என்றார்.

தண்ணீர் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். குடிக்க ஒரு பங்கு, சமைக்க ஒரு பங்கு, மிச்சம் அத்தனையும் மாமனாரின் படுக்கைக்கு. படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனிதர். துணி நனைந்தால் மாற்றியாக வேண்டும், மாற்றியதை அலசியாக வேண்டும், முதுகைத் துடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் புண் வந்துவிடும். ஒரு நாள் காலை, இரண்டாவது நடை ஏறும்போது, ஏழாம் மாடித் திருப்பத்தில், கிழவர் இல்லையென்றால் இந்த நடை வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. தடுக்கிவிட்டதுபோல நின்றுவிட்டார். பிறகு ஏறினார். ஆனால் அந்த நினைப்பு அந்தத் திருப்பத்திலேயே குடியிருந்துகொண்டது. தினமும் ஏழாம் மாடிக்கு வரும்போது எதிரே வந்து நிற்கும்.

மாமனார் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை. கண்டுபிடித்தவள் மகள்தான். ஒரு மத்தியானம் அவருக்கு டம்ளரில் கொடுத்துவிட்டுத் திரும்பியவள், ஏதோ சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தாள். கிழவர் வராத கையை மார்பின்மேல் கிடத்திவிட்டு, இடது கையால் டம்ளரைப் பிடித்து, கட்டிலோரம் இருந்த பானைக்குள் சொட்டுச் சிந்தாமல் திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன தாத்தா பண்றீங்க?"

"குடிச்சா போகுது. போனா துவைக்கணும். உங்கப்பன் முட்டி சத்தம் எனக்கு இங்க கேக்குது" என்றார், குழறலான பேச்சில்.

மகள் அதை அப்படியே வந்து சொன்னாள். மனைவி அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அவர் எழுந்து உள்ளே போய், டம்ளரை நிரப்பி, மாமனாரின் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்கவைத்தார். "எத்தனை நாளா மாமா இப்படி?" என்று கேட்டார். கிழவர் வாயைத் துடைக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.  அவர் சிறுநீர் பழுப்பாகப் போகத் தொடங்கிப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. மங்கலான வெளிச்சத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

அதே வாரம் ஒன்பதாம் மாடி டீச்சர் படியில் விழுந்தார். தனி ஆள், அறுபது வயது, முதுகில் கேனோடு ஆறாம் மாடியில் கால் இடறி, அரைத் தளம் உருண்டார். தோள் எலும்பு இறங்கிவிட்டது. சிந்திய தண்ணீர் படிப்படியாக வழிந்து கீழ்மாடிவரை போனதை எல்லாரும் பார்த்தார்கள். டீச்சரைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவர், "தண்ணி, தண்ணி" என்றார். குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்து யாரோ ஓடினார்கள். சிந்திப்போனதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு மிஷின் ரூமுக்கு ஏறினார். "லிஃப்டுல தண்ணி ஏத்தலாம்" என்றார்.

"கரண்ட் இல்லாம?"

"இருநூறு கிலோ வச்சாலும் அந்தப் பக்கம் எதிர் எடை இன்னும் கனம்தான். பிரேக்க விட்டா தானா மேல வரும்."

"அப்ப இவ்வளவு நாளா ஏன் பண்ணல?"

நியாயமான கேள்வி. அவர் மிஷினில் கயிறு ஓடும் சக்கரத்தைத் தடவிக்கொண்டே பதில் சொன்னார். மேலே வந்த கேபினைக் கீழே இறக்க எதிர் எடையைவிடக் கனமாக எதையாவது உள்ளே வைக்க வேண்டும். அதற்கு ஆட்கள்தான் ஏற வேண்டும். கரண்ட் இல்லாத லிஃப்டில் ஆளை வைத்துக் கையால் இறக்குவது, மாட்டிக்கொண்டவரை ஒரு மாடி நகர்த்தும் வேலை அல்ல. பதினோரு மாடி, ஒவ்வொரு நாளும் பல தடவை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவரோடு இருந்த ஒருவன் அப்படி விளையாட்டாகச் செய்யப்போய், லீவர் உதறி, கேபின் ஓடி, சக்கரத்தில் கை போய்விட்டது. ஆளை வைத்து அப்படி இறக்குவதில்லை என்று அன்றைக்கு இவர் சபதம் மாதிரி ஒன்று எடுத்துக்கொண்டிருந்தார்.

மனைவி லீவரைத் தொட்டுப் பார்த்தாள். "ரெண்டு பேர் வேணுமா இதுக்கு?"

"லீவருக்கு ஒருத்தர், சக்கரத்துக்கு ஒருத்தர்."

"லீவர் நான் புடிக்கிறேன். இருபது வருஷமா மிஷின் மிதிச்ச காலு, துணி இழுத்த கை. சொன்ன இடத்துல நிக்கும்."

சங்கத் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு? எழுத்துல குடுங்க" என்றார். யாருக்கு எழுதிக் கொடுப்பது, யார் படிப்பார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்தார். அவர் வீடு எட்டாம் மாடி. மூன்றாம் நாள் காலை அவரே வந்து, "முதல்ல ஆள் இல்லாம ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

மொட்டைமாடியில் கட்டட வேலைக்கு வந்து மிஞ்சிய செங்கல் கிடந்தது. அதைக் கேபினில் அடுக்கி இறக்கிக் காட்டினார்கள். கயிற்றில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு மஞ்சள் கோடு உண்டு. அதைப் பார்த்துக்கொண்டே அவர், "விடு... புடி... விடு..." என்பார். மனைவி லீவரை அரை விரற்கடை தளர்த்துவாள், இறுக்குவாள். செங்கல் பத்திரமாகக் கீழே போய்ச் சேர்ந்தது. தண்ணீர் பத்திரமாக மேலே வந்தது. ஆனால் செங்கல் தானாகப் படியேறி வராது. மனிதன்தான் ஏறுவான். அப்படித்தான் அந்த ஏற்பாடு உண்டாயிற்று. முதுகில் சுமையில்லாமல் படியேறி வருவார்கள். மேலே வந்ததும் ஐந்து பேர் கேபினில் நிற்பார்கள். அவர்கள் எடையில் கேபின் கீழே போகும். அங்கே அவர்கள் இறங்க, மகள் பத்துக் கேன் தண்ணீரை ஏற்றிவிட்டுக் மொட்டைமாடிவரை போகும் தண்ணீர்க் குழாயில் கல்லால் மூன்று தட்டு தட்டுவாள். தண்ணீர் மேலே வரும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் மேலிருந்து தங்கள் மாடிக்கு இறக்கிக்கொள்வார்கள்.

நாலாம் மாடி ரொட்டிக்கடைக்காரருக்கு அண்டா என்று பட்டப்பெயர். உடம்பு அப்படி. அவர் வீட்டுக்கு இந்த ஏற்பாட்டால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை, ஆனாலும் தினமும் மூச்சிரைக்க மேலே வந்துவிடுவார். "அடுப்பு இல்ல, மாவு இல்ல. எனக்கு மிச்சம் இருக்கறது இந்த வெயிட் ஒண்ணுதான். அதாவது உபயோகப்படட்டும்" என்பார். அவர் வந்தால் நாலு பேர் போதும். ஜனங்கள் அவரைக் கண்டால் வழிவிட்டு, "வாங்க வாங்க, நீங்க ரெண்டு ஆளு" என்று வரவேற்றார்கள்.

இப்போது வீட்டில் தண்ணீர் இருந்தது. "மாமா, நல்லா குடிங்க, லிஃப்டுலயே வருது" என்று அவர் தினமும் சொன்னார். கிழவரும் குடித்தார். ஆனால் காய்ச்சல் வந்துவிட்டிருந்தது. மருந்துக் கடைக்காரர் அலமாரியைத் துழாவி ஒரு அட்டை மாத்திரை கொடுத்தார். மூன்று நாள் இறங்கின சூடு, நாலாம் நாள் மறுபடி ஏறியது. ஆஸ்பத்திரியில் வராந்தாவில்கூட இடம் இல்லை என்று மகள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஒரு மத்தியானம் அவர் மாமனாரின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கிழவர் கேட்டார்:

"ஒரு நடைக்கு எத்தனை பேர் ஏறுறாங்க மாப்பிள்ளை?"

"அஞ்சாறு பேர் மாமா."

"எட்டு பேர் வண்டிதான?"

"ஆமா."

"அப்ப ஸ்டாண்டிங்குக்கு எடம் இருக்கு" என்றார் கிழவர். அது நகைச்சுவை என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். இருபது வருஷ உறவில் அந்த மனிதர் அவரிடம் விளையாட்டாகப் பேசியது அது ஒன்றுதான்.

மறுநாள் சாயங்காலம், நாலு மணி இருக்கும். அவரும் மனைவியும் மிஷின் ரூமில் இருந்தார்கள். மகள் அன்று தாத்தாவோடு இருந்தாள், கீழே கேன் ஏற்றும் வேலையை வேறு யாரோ பார்த்தார்கள். ஆறு பேரோடு கேபின் எட்டாம் மாடியைத் தாண்டிக்கொண்டிருந்தது. மகள் படியில் ஓடிவந்து கதவருகே நின்றாள். "தாத்தா" என்றாள். மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மனைவியின் கை லீவரில் இருந்தது. அதை இறுக்கி நிறுத்தலாம். நிறுத்தினால் ஆறு பேர் இருட்டில் இரண்டு மாடிக்கு நடுவே தொங்குவார்கள். விட்டுவிட்டுப் போகவோ முடியாது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கயிற்றைப் பார்த்தபடியே, "சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார். "விடு... புடி... விடு..." ஏழு. ஆறு. ஐந்தாவது கோடு வந்தபோது அவள் கன்னம் நனைந்திருந்தது, கை மட்டும் சொன்ன இடத்தில் நின்றது. தரைத்தளக் கோடு சக்கரத்துக்கு வர நாலு நிமிஷம் ஆயிற்று. கீழேயிருந்து மூன்று தட்டு கேட்டது. அதன் பிறகுதான் லீவரை மாட்டிவிட்டு, அவள் தன் அப்பாவைப் பார்க்க இறங்கினாள்.

அடுத்த நாள் காலையில் இன்னொரு சிக்கல். படிக்கட்டுத் திருப்பங்களில் ஆள் நீளத்துக்குப் பலகை திரும்பாது. லிஃப்டிலும் படுக்கவைக்க இடம் போதாது. இரண்டு வருஷத்துக்கு முன் வந்ததுபோலவே நாற்காலியில் உட்காரவைத்துத் துணியால் கட்டினார்கள். தூக்கிப் பார்த்தார். கனமே இல்லை. நாற்பது கிலோகூட இருக்காது. அந்த எடைக்குக் கேபின் இறங்காது. அவரோடு உயிருள்ளவர்கள் ஐந்து பேராவது நின்றால்தான் இறங்கும்.

யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரர் வந்தார். சங்கத் தலைவர் வந்தார். தோளைக் கட்டிக்கொண்டு டீச்சர் வந்தபோது வேண்டாம் என்றார்கள், "நான் அம்பத்தெட்டு கிலோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நின்றார். மகள் தாத்தாவின் தலையைப் பிடித்துக்கொண்டாள். இடம் நெருக்கடியாக இருந்தது. கதவு சாத்த முடியாமல் ஆளாளுக்கு ஒதுங்கியபோது மகள், "தாத்தா இருந்தா உள்ள தள்ளிப் போங்கன்னு சத்தம் போட்டிருப்பார்" என்றாள். யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள். மேலே மிஷின் ரூமில் கிழவரின் மகளும் மாப்பிள்ளையுமாக அவரைக் கீழே இறக்கினார்கள். அவ்வளவு மெதுவாக அந்த லிஃப்ட் என்றைக்கும் இறங்கியதில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், காலையில் எடுத்த தண்ணீர் சாயங்காலமும் மிச்சம் இருந்தது. அவர் குடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெஞ்சிலிருந்து ஒரு சுமை இறங்கினாற்போல இருந்தது. அப்படி இருந்ததே பெரிய சுமையாகவும் இருந்தது. மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்திருந்த மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லணும் உங்கிட்ட" என்றார். ஏழாம் மாடி நினைப்பைச் சொன்னார். எதையும் குறைக்காமல் சொன்னார்.

அவள் லீவர் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு மூணாம் மாடியிலயே வந்துடும்" என்றாள்.

தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "பெத்த பொண்ணு நானு" என்றாள்.

அவர் அவள் கையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.  வெயில் தாழும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு நாட்கள் ஒன்றுபோல ஒன்று போயின. பத்து நாளுக்கொருமுறை வந்த லாரி பதினைந்து நாளுக்கொருமுறை வந்தது. அரிசி குறைந்தது. யாரும் தராசில் ஏறிப் பார்க்கவில்லை, ஆனால் லிஃப்டுக்குத் தெரிந்தது. ஆரம்பத்தில் ஐந்து பேர் நின்றால் இறங்கிய கேபின், மூன்றாம் மாதம் ஆறு பேர் நின்றும் அசையாமல் நின்றது. அவர் சக்கரத்தைக் கையால் தள்ளிப் பார்த்தார். பிறகு லிஃப்ட் ஓடும் ஷாஃப்டுக்குள் குனிந்து, "இன்னும் ஒருத்தர் ஏறுங்க" என்று கத்தினார். அன்றிலிருந்து ஏழு பேர். ரொட்டிக்கடைக்காரரின் சட்டை, ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கியது. வழக்கம்போல அவர் இரண்டு ஆளுக்குச் சமம் என்று நினைத்து ஒருவர் வெளியே நின்றார், கேபின் நகரவில்லை. அண்டா தலையைக் குனிந்துகொண்டு, "இப்ப நான் ஒரு ஆளுதாங்க" என்றார். யாரும் அதற்குப் பிறகு அவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஐந்தாம் மாதம் ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போயிற்று. மறுநாளும் அதேபோல. தினம் ஒரு மணி நேரம்தான் தருவார்கள், போகப்போகக் கூட்டுவார்கள் என்று ரேடியோ சொன்னது. கட்டடம் முழுக்க ஆட்கள் சுவிட்சைப் போட்டும் அணைத்தும் பார்த்தார்கள். அவர் அதற்கு முன்பே லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே ஒரு பலகையை அடித்து வைத்திருந்தார். தலைவர் படியிறங்கி வந்தார்.

"கரண்டே வந்துடுச்சு, இன்னும் ஏன் அடைச்சு வச்சிருக்கீங்க?"

"பிரேக் கவ்வுற லைனிங் பட்டை காகிதம் மாதிரி தேஞ்சு கிடக்கு சார். மாத்தாம ஓட்டக் கூடாது."

"இத்தனை மாசம் ஓடுச்சே."

"இத்தனை மாசம் என் சம்சாரம் கையில ஓடுச்சு" என்றார் அவர்.

லைனிங் கிடைக்க ஒன்பது நாள் ஆயிற்று. ஐந்து மாதம் வாய் திறக்காமல் படியேறியவர்கள் அந்த ஒன்பது நாளும் முணுமுணுத்தார்கள். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. நம்பிக்கை வந்துவிட்டால் கால் முதலில் வலிக்கத் தொடங்கும் என்று மனைவியிடம் சொன்னார்.

சீருடைப் பட்டறை கால்மிதி மிஷின்களோடு மறுபடி திறந்தது. மனைவி அரை நாள் மட்டும் போனாள். லீவர் பிடித்த தோளை, காதுக்குமேல் தூக்க முடியவில்லை. மகளின் கல்லூரி திறக்கவில்லை. அடிபம்பு வரிசையைச் சண்டையில்லாமல் நடத்தியவள் என்று பெயர் எடுத்திருந்ததால் நகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். தாத்தாவின் கட்டிலில் இப்போது அவள் படுத்தாள்.

அவருக்குத்தான் ஓய்வு என்பது இல்லை. ஒரு மணி நேரக் கரண்டில் எல்லாரும் லிஃப்டில் ஏறினார்கள். மணி பதினொன்று அடித்ததும் ஊரில் எங்கெங்கோ நடுவழியில் நின்றார்கள். கரண்ட் போவதற்குப் பத்து நிமிஷம் முன்பு யாரும் ஏறாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டடம் கட்டடமாக ஒட்டினார். படித்துவிட்டே ஏறினார்கள். தினமும் பதினொன்றரைக்குக் கம்பெனி பைக் வந்துவிடும், கையில் ஒரு தாளோடு.

அப்படி ஒரு நாள், அன்றைய மூன்றாவது கட்டடம். உச்சிவரை ஏறி, பிரேக்கைத் தளர்த்தி, நாலாம் மாடிக்கு இறங்கிவந்து கதவைத் திறந்தார். உள்ளே சட்டைப்பையில் பேனா செருகிய ஒருவர், வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"ரெண்டு மணி நேரமாச்சு. உங்களுக்கெல்லாம் கொஞ்சமாவது அக்கறை இருக்கா?"

"வெளியே எழுதி ஒட்டியிருக்கே சார். பத்து நிமிஷம்தான, படியில போயிருக்கலாம்."

"எட்டாம் மாடிங்க என் ஆபீஸ்" என்றார் அந்த ஆள், உண்மையான ஆச்சரியத்தோடு. "எட்டு மாடி மனுஷன் ஏற முடியுமா?"

அவர் அந்த ஆளின் முகத்தைப் பார்த்தார்.  கதவைச் சாத்திப் பூட்டினார். பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். தாளில் அடுத்த விலாசத்தைப் பார்த்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினார்.